கடல் தாண்டியும் கூடவே வந்த பற்று

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, குளிரைப் பொருட்படுத்தாமல் கோத்தகிரியில் இம்மாலை கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'பௌத்தம் காட்டும் வழியில் பற்றை வெல்வது விலகுவதாலா, உற்று அறிவதாலா?' என்பது தலைப்பு. விலகுவதாலேயே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறிய இரவை உருக்கமாக எடுத்துரைத்தார். ஆனால் அந்த இரவோடு கதையை நிறுத்திக்கொண்டார். 29 வயதில் வெளியேறியவர் ஞானம் பெற்றது 35ஆம் வயதில். மனைவியையும் மகனையும் விட்டு, பின்னர் உணவையும் ஏறக்குறைய விட்டு, எலும்பும் தோலுமாகிய பிறகும் கிட்டாத தெளிவு, சுசாதை அளித்த பாற்சோற்றை உண்டு, போதி மரத்தடியில் தம் மனத்தையே நோக்கி அமர்ந்தபோதுதான் கிட்டியது. விலகினாலே போதும் என்றால், இடையில் அந்த ஆறு ஆண்டுகள் எதற்கு?

துன்பம் பிறக்கும் வரிசையைப் பன்னிரண்டு நிதானங்களாக, அதாவது ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் காரணங்களாக, மணிமேகலை தமிழிலேயே தருகிறது. அதில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. தேயிலைக்காரர்களாகிய உங்களுக்கு இதை விளக்க நெடுநேரம் தேவைப்படாது. உறைபனி விழுந்த மறுநாள் கருகிய கொழுந்தைக் கண் காண்பது ஊறு. நெஞ்சு வலிப்பது நுகர்வு. இவ்விரண்டும் புத்தருக்கும் நேரும். மேட்டுத் தோட்டமெல்லாம் தப்பியிருக்க என் பள்ளத்துத் தோட்டம் மட்டும் ஏன் கருக வேண்டும் என்று, நடந்தது நடவாதிருக்க மனம் ஏங்குவது வேட்கை. அந்த ஏக்கத்தைக் கைவிடாமல் மூன்று இரவு புரண்டு படுப்பது பற்று. ஓர் அம்பு தைத்தவன் இரண்டாம் அம்பாலும் தைக்கப்படுகிறான் என்று புத்தர் சொன்னது இதைத்தான். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவேதான் அறுக்க இடம் இருக்கிறது. அந்த இடம் மனத்துக்குள் இருப்பதால், கால்நடையாக அதை விட்டு விலகவும் முடியாது.

குடிக்கு அடிமையானவர் கடைப்பக்கம் போகாதிருப்பது நல்லதுதானே என்று கேட்டார்கள். நல்லதுதான், போதையைத் தவிர்ப்பது பௌத்தத்தின் ஐந்து சீலங்களில், அதாவது ஒழுக்க நெறிகளில், ஒன்று. ஆனால் அது வேலி. கேரட் தோட்டத்துக்கு வேலி போட்டால் காட்டுப்பன்றி நிற்கும். களை உள்ளிருந்தல்லவா முளைக்கிறது, ஐயா!

என் அப்பாயி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வகைசெய்த 1964இன் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு, 1970களில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, இந்த மலையில் கொழுந்து பறித்தவர். வீடு, ஊர், நாடு, உடன்பிறந்த அக்காள் என எல்லாவற்றையும் விட்டு வந்தவருக்குப் பற்று போயிற்றா? அக்காளின் கடிதம் நின்றுபோன ஆண்டில் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவர் விரும்பி விட்டதல்லவே என்பீர்கள். ஆம், ஆனால் விலகல்தான் மருந்து என்றால், யார் கொடுத்தாலும் அது கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டாமா?

பின்னாளில், பறிப்பின் நடுவே கை நின்றுவிட்டால், "அக்கா நெனப்பு வந்திருக்கு" என்று தமக்குத் தாமே சொல்லி, சற்று நின்று, மறுபடி பறிப்பார். பற்றுள்ள மனத்தைப் பற்றுள்ள மனம் என்று அறியச் சொல்லும் 'சதிபட்டான சுத்தம்' என்னும் புத்தர் உரையின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. கடலையே கடந்து வந்தவரை, எதிரணியினர் இன்னும் எந்த மலைக்கு விலகிப் போகச் சொல்கிறார்கள், நடுவர் அவர்களே?