தண்ணீர் இல்லாத தீவு: தீரு நகரத்தின் கதை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

விவிலியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'தீருவும் சீதோனும்' என்று இணைந்தே காதில் விழுந்த பெயர் இது. இன்றைக்கு லெபனானின் தெற்கே, பெய்ரூட்டிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், சூர் என்ற பெயரோடு இருக்கிறது. வரைபடத்தில் கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனையாகத் தெரியும். பழைய தீரு அப்படி இல்லை. கரையை விட்டு முக்கால் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிக் கடலில் கிடந்த பாறைத் தீவு அது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் அந்த ஊரின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் தீருவை ஆண்டவர் அபிமில்கு. எகிப்தின் பார்வோனுக்கு அவர் எழுதிய பத்துக் கடிதங்கள், களிமண் பலகைகளாக எகிப்தின் அமர்னாவில் கிடைத்திருக்கின்றன. பார்வோனைச் சூரியனே, மூச்சுக்காற்றே என்று புகழ்கிற வரிகள் ஏராளம். நம் ஊர் மேடை வரவேற்புரையெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்! புகழ்ச்சியைத் தாண்டிப் போனால்தான் விஷயம் வருகிறது. எதிர்க்கரையில் இருந்த ஊசு என்ற ஊரை, அண்டை நகரமான சீதோனின் அரசன் பிடித்துக்கொண்டான். எங்களுக்குத் தண்ணீர் இல்லை, விறகு இல்லை, செத்தவர்களைப் புதைக்க இடமும் இல்லை என்று முறையிடுகிறார். பின்னால் வந்த எகிப்திய எழுத்தர் ஒருவரும் இதையே குறித்து வைத்தார்: அந்த ஊருக்குத் தண்ணீர் படகில் போகிறது, அங்கே மணலைவிட மீன் அதிகம்.

தண்ணீரும் விறகும் இடுகாடும் அக்கரையில் இருக்கிற ஊர் என்ன செய்யும்? கப்பல் கட்டும். கி.மு. 10-ஆம் நூற்றாண்டில் ஈராம் அரசன், சாலொமோனின் ஆலயத்துக்கு லெபனான் மலையின் கேதுரு மரங்களைக் கடல் வழியே மிதக்கவிட்டு அனுப்பினான் என்கிறது விவிலியம். பதிலுக்கு அவன் கேட்டது கோதுமையும் எண்ணெயும். வயல் இல்லாத ஊரின் அரசன் வேறு எதைக் கேட்பான்? பிறகு இவர்கள் வெள்ளி தேடி மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலைத் தாண்டி, இன்றைய ஸ்பெயினின் காதிஸ் வரை போனார்கள். கி.மு. 814-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரை நிறுவியவர்களும் தீருவிலிருந்து போனவர்கள்தான் என்பது மரபு. வீட்டுக்குப் போனதும் எசேக்கியேல் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தீரு விழப்போகிறது என்று புலம்ப வந்த தீர்க்கதரிசி, எந்த நாட்டிலிருந்து என்ன சரக்கு வந்தது என்று துறைமுகக் கணக்குப்பிள்ளை மாதிரி பட்டியல் போட்டுவிட்டார்.

ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இரத்தாம்பரம் என்ற ஊதாச் சாயத்துணி. முள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைக் கடல்நத்தையின் உடம்பில் சின்னஞ்சிறு சுரப்பி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் நீர் முதலில் நிறமற்று இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் ஊதாவில் போய் நிற்கும். சுரப்பியைக் கீறி எடுத்து, உப்புப் போட்டு ஊறவைத்து, இளஞ்சூட்டில் நாள் கணக்கில் காய்ச்சுவார்கள். உறைந்த ரத்தத்தின் நிறமும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு மினுக்கும் இருந்தால்தான் முதல் தரம் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. 1909-இல் பிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து சாயம் எடுத்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம்! கி.பி. 301-இல் ரோமப் பேரரசர் டயோகிளீசியன் போட்ட விலை ஆணையில், சாயம் தோய்த்த பட்டு ஒரு பவுண்டுக்கு 1,50,000 தினாரியஸ். ஆனால் அத்தனை நத்தை அழுகினால் ஊர் எப்படி மணக்கும்? சாயப்பட்டறைகளால் அங்கே குடியிருக்கச் சகிக்காது, ஆனால் பணம் அவற்றால்தான் வருகிறது என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். ரோமில் இருப்பதைவிட அங்கே மாடிகள் அதிகம் என்றும் சொன்னார். தீவல்லவா, மேலேதான் போக முடியும்.

பகைவர்களுக்கும் இந்தத் தண்ணீர்ப் பலவீனம் தெரியும். அசீரிய அரசன் சல்மனாசார் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் காவல் போட்டான். தீவுக்காரர்கள் கிணறு தோண்டி ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். பாபிலோனின் நேபுகாத்நேச்சார் 13 வருஷம் முற்றுகையிட்டும் உள்ளே புகுந்து சூறையாட முடியவில்லை.

கி.மு. 332-இல் வந்தவர் அலெக்சாந்தர். தீவில் இருக்கும் ஊர்த் தெய்வம் மெல்கார்ட்டின் கோயிலில் பலி கொடுக்க வேண்டும் என்றார். கரையிலேயே ஒரு கோயில் இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்று பதில் வந்தது. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். கப்பற்படை கையில் இல்லாத அலெக்சாந்தர், கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மலை மரங்களையும் கடலில் கொட்டிப் பாதை போடத் தொடங்கினார்.

தீவுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குதிரை ஏற்றும் பெரிய கப்பல் ஒன்றில் சுள்ளி, கீல், கந்தகம் எல்லாம் நிரப்பினார்கள். முன்பக்கம் தூக்கிக்கொண்டு பாதையின் மேல் ஏறட்டும் என்று பின்பக்கம் பாரம் வைத்தார்கள். காற்று பார்த்து இழுத்துப்போய்க் கொளுத்திவிட்டார்கள். பாதை முனையில் அலெக்சாந்தரின் ஆட்கள் நிறுத்தியிருந்த இரண்டு கோபுரங்களும் சாம்பல். அலெக்சாந்தர் பாதையை இன்னும் அகலமாகப் போடச் சொன்னார். ஆனால் கணக்கு மாறியது வேறு இடத்தில். சீதோன், பிப்லோஸ், சைப்பிரஸ் கப்பல்கள் அவர் பக்கம் வந்து சேர்ந்தன. அபிமில்கு பயந்த அதே சீதோன்! ஏழு மாதத்தில் ஊர் விழுந்தது. 8,000 பேர் கொல்லப்பட்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்கிறார் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அர்ரியன். 'மாவீரன்' என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது இந்த எண்கள் ஏனோ அச்சாவதில்லை.

அந்தப் பாதை அலையைத் தடுத்தது. இருபுறமும் மணல் சேர்ந்தது. தீவு கரையோடு ஒட்டிவிட்டது. அங்கே ஏற்கெனவே நீருக்கடியில் மணல்திட்டு வளர்ந்திருந்தது, சில இடங்களில் ஓரிரு மீட்டர் ஆழமே இருந்திருக்கும் என்று 2007-இல் வெளியான நிலவியல் ஆய்வு காட்டியது. இயற்கை பாதி முடித்து வைத்த வேலையைத்தான் அலெக்சாந்தர் முடித்தார்.

ரோமர் காலத்தில் அந்தப் புது நிலத்தின் கரைப்பக்கம், அல்பாஸ் என்ற இடத்தில், வளைவும் கல்பாவிய சாலையும் 480 மீட்டர் நீளத் தேரோட்டத் திடலும் எழுந்தன. சாலையின் இருமருங்கும் கல் சவப்பெட்டிகள். புதைக்க இடமில்லை என்று ஒரு காலத்தில் அழுத ஊர் அல்லவா?

சிலுவைப்போர்க்காரர்கள் 1124-இல் பிடித்தது, சலாவுதீனாலும் மீட்க முடியாமல் போனது, 1291-இல் மம்லூக்குகளிடம் சண்டையில்லாமல் கைமாறியது எல்லாம் தனிக் கதை.

1984-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்காக ஊரைச் சுற்றிச் சண்டை நிற்கவில்லை. 2024-இல் இஸ்ரேலியக் குண்டுகள் ஊருக்குள்ளேயே விழுந்தன. அந்த நவம்பரில் லெபனானின் 34 பாரம்பரிய இடங்களுக்கு, தீரு உட்பட, யுனெஸ்கோ கூடுதல் பாதுகாப்பு வழங்கியது. அல்பாஸ் இடிபாடுகளை ஒட்டி அதே பெயரில் பாலஸ்தீன அகதி முகாம் இருக்கிறது. பாரம்பரியம் என்று வேலி போடும்போது, வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

நமக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டா என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். உண்டு. முசிறி, கொற்கை, காவிரிப்பூம்பட்டினம் எல்லாம் பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் புவியியல் நூலில் வருகின்றன அல்லவா? அந்த நூலுக்கு அடித்தளம் தீருவைச் சேர்ந்த புவியியலாளர் மரீனஸ் திரட்டி வைத்தவை என்று தாலமியே சொல்கிறார். சொல்லிவிட்டு, மரீனஸ் உலகத்தைக் கிழக்கே நீட்டிவிட்டார் என்று பக்கம் பக்கமாகத் திருத்துகிறார். மரீனஸ் கணக்கில் மனிதர் வாழும் நிலம் 225 பாகை, தாலமி கணக்கில் 180. நிலம் கிழக்கே அவ்வளவு நீண்டால், மேற்கே போய் ஆசியாவைத் தொடும் கடல் தூரம் குறையும் அல்லவா? அந்த நீண்ட கணக்கை நம்பித்தான் கொலம்பஸ் மேற்கே கப்பல் விட்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கொலம்பஸை இன்னொரு கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.