சுண்ணாம்புச் சுவரும் ஒரு மாணவனும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். மனிதரிடம் உள்ள குறைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, என் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு சுவர். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், நம்மவர் கடைத்தெரு என்று சொல்லிவந்த லெபோ பாசாரையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் அறிந்தவர்களுக்கு அங்குள்ள பழைய கடைவீடுகள் தெரிந்திருக்கும். 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுத் தலமாக அறிவித்த பிறகு, அவற்றுள் பல புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. அப்படி வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் ஐந்தடி நடைபாதையில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். வயதான கொத்தனார் ஒருவர் என்னை அருகில் அழைத்துப் பழைய பூச்சை நகத்தால் கீறிக் காட்டினார். அது மாவுபோல் உதிர்ந்தது. இவ்வளவு மென்மையான பூச்சை எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினால் என்ன என்று கேட்டேன். "சிமெண்டு பூசினா சுவர் மூச்சு விடாது ஐயா. உள்ளே இருக்கிற கல்லுதான் செத்துப்போகும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தரையிலிருந்து ஏறும் ஈரமும், கடற்காற்று கொண்டுவரும் உப்பும் இந்தச் சுவர்களை ஓயாமல் தாக்குகின்றன. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடுகிறது. உப்பு அரிக்கும்போது பூச்சு உதிர்ந்து செங்கல்லைக் காப்பாற்றுகிறது. சிமெண்டோ இறுகி நிற்கும். ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். கடைசியில் அதன் பின்னாலிருக்கும் செங்கல் பொடிந்துபோகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தால், அதனுள் இறங்கும் நீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய், காயும்போது அந்த வெடிப்பிலேயே படியவிட்டுவிடுகிறது. பெரிய பிளவுக்கு இது போதாது. சிறு கீறலுக்குப் போதும்.

இந்தச் சுண்ணாம்போடு நம் மக்களின் வரலாறும் கலந்திருக்கிறது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவர்களில் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அதைக் குழைத்தார்கள். குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்டவர்களின் கைகள்தாம் அந்தச் சுவர்களைப் பளிங்குபோல் மெருகேற்றின. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் சற்று நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இனி, நான் சொல்ல வந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒருமுறை நான்காம் ஆண்டு வகுப்பில் திக்கிப் பேசும் சிறுவன் ஒருவன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே உதடுகள் இறுகிவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நிற்பான். அவன் துன்பம் பொறுக்காமல் அந்தச் சொல்லை நானே முடித்துவைப்பேன். பிறகு அவனை எழுப்புவதையே நிறுத்திவிட்டேன். அதை இரக்கம் என்று எண்ணியிருந்தேன். அது என் அவசரம் என்பதை எனக்கு உணர்த்தியவள் அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுமி. ஒரு நாள் அவன் முறை வந்தபோது நான் அடுத்தவரை அழைக்க, அவள் எழுந்து, "ஐயா, அவனும் படிக்கட்டும். நாங்க இருக்கோம்" என்றாள்.

அன்று அவன் நான்கு வரிகளை வாசித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை, யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவுமில்லை. அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பு மற்ற வகுப்புகளைப்போல் இருக்கவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் முகம் பார்த்துக் கேட்டார்கள். கணக்கில் தடுமாறுபவனுக்கும் அதே பொறுமை கிடைத்தது. எந்தப் பாடநூலைக் கொண்டும் நான் அதைக் கற்பித்திருக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து திருக்குறளை ஒப்புவிக்கும்போது அவன் குரல் தடையே இல்லாமல் ஓடும். திக்கிப் பேசுபவர்களில் மிகப் பலர் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் திக்குவதில்லை என்பது பேச்சுப் பயிற்சித் துறையினர் நன்கறிந்த செய்தி. எனக்கு அது பின்னாளில்தான் தெரியவந்தது.

"குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை" என்று கொன்றைவேந்தன் சொல்கிறது. நம் வீடுகளில் சண்டை மூளும்போதெல்லாம் பெரியவர்கள் எடுத்துச் சொல்லும் வரி அது. ஆயினும் வெறுமனே கண்ணை மூடிக்கொள்வது போதாது என்றே நான் கருதுகிறேன். "குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று வள்ளுவர் இரண்டையும் பார்க்கச் சொல்கிறார். பார்த்தால்தான் அந்தக் குறை எதைக் காக்கிறது, யாரை நம் பக்கம் இழுக்கிறது என்பது தெரியும். பிறரை வஞ்சிப்பதையும் வதைப்பதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை; அவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. நான் சொல்வது மறதியையும், தயக்கத்தையும், தடுமாறும் நாக்கையும், கைநடுங்கும் முதுமையையும் பற்றித்தான்.

அந்த மாணவன் இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் என்னைத் தொலைபேசியில் அழைப்பான். மணி அடித்ததும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். நெடுநேரம் சத்தமே வராது. பலகாரத் தட்டோடு வரும் என் மனைவி, தொடர்பு துண்டித்துவிட்டதா என்று கேட்பாள். "இல்லை, பேசிக்கொண்டிருக்கிறான்" என்பேன்.

நன்றி, வணக்கம்.