குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

வணக்கம். மனநல வார்டுக்கு முதல்முறையாகப் போகப்போகிற செவிலியர் மாணவிகளுக்காகப் பேசுகிறேன். மற்றவர்களும் கேட்கலாம். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டும். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை அசையாது. கஞ்சாவாலும் மூளைக்காய்ச்சலாலும்கூட இப்படி வரலாம், அதனால் பார்த்தவுடன் நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் அக்காவை, அவருடைய அண்ணன் சேலத்துக்கு அழைத்து வந்தார். வார்டில் தட்டைத் தொடவே இல்லை. “அங்க யாரும் இல்லக்கா, சாப்பிடுங்க” என்றாள் ஒரு மாணவி. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னக்கா சொல்றாங்க?”

“சோத்துல மருந்து வச்சிருக்காங்களாம்.”

“எனக்கு அந்தக் குரல் கேக்கலக்கா. ஆனா உங்களுக்குப் பயமா இருக்கும்னு தெரியுது.”

அவ்வளவுதான் பேச்சு. உரிக்காத வாழைப்பழம் இரண்டும், பிரிக்காத பிஸ்கட் பொட்டலமும் கொண்டுவந்து வைத்தாள். அக்கா பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று. அப்புறம் தானே உரித்துத் தின்றார்.

கவனித்தீர்களா? அவள் குரலை மறுக்கவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. வாதாடினால் நம்பிக்கை போகாது, நம்மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும். குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், கேளுங்கள். “செத்துப்போ”, “அவனை வெட்டு” என்று அது சொன்னால் பொறுப்பு நர்ஸுக்கு உடனே தெரியவேண்டும். கேட்காமல் எப்படித் தெரியும்?

கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கும் வீட்டாரைத் திட்டாதீர்கள். கோயிலுக்குப் போகட்டும், மாத்திரையும் போடட்டும். கட்டிப்போடுவதை மட்டும் அனுமதிக்கக்கூடாது. 2001-இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் வெந்து போனார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

மருந்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. இந்த நோய்க்குப் போடும் ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ கண் மேலே செருகினாலோ நடிப்பு என்று நினைக்காதீர்கள். மருந்தின் பக்கவிளைவு அது. டாக்டரைக் கூப்பிடுங்கள், அதைச் சரிசெய்ய ஊசி உண்டு. இதே நோய்க்கான குளோசபின் மாத்திரை போடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்கவேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது. வணக்கம்.