செவ்வாய்க்கிழமை அந்த டிராக்கில் யார் ஓட்டுகிறார்கள்?

(கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் இருந்த தடுமாற்றங்களை மட்டும் கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. முன்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், பின்னால் சுவரோரம் நிற்கிற தம்பிகளில் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆகவே இரண்டு தரப்புக்கும் புரிகிற மாதிரிதான் பேசியாக வேண்டும். "இந்தியாவுக்கு ஃபார்முலா ஒன் மறுபடி வருமா" என்று தலைப்பு கொடுத்தார்கள். ஃபார்முலா ஒன் என்பது உலக அளவிலான பெரிய கார் ரேஸ் தொடர், அதில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிராண்ட் பிரி என்று பெயர். தலைப்புக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் கிணத்துக்கடவுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்துப் பிழைக்கிறவன், என் மண்டையில் முதலில் ஓடுவது வேறு கேள்வி. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், கூட்டமும் இல்லாமல் டிவியும் இல்லாமல், ஃபார்முலா ஒன் ஓடின அந்த டெல்லிப் பக்கத்து டிராக்கில் யார் வண்டி ஓட்டுகிறார்கள்? அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கிறது. ஜெர்மனிக்காரர் ஹெர்மன் டில்கே வரைந்த டிராக், ஒரு சுற்று 5 கிலோமீட்டருக்கு மேல். 2011 அக்டோபர் 30 அன்று அங்கே முதல் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தது. முதல் நாள் பயிற்சியிலேயே ஒரு தெருநாய் டிராக்குக்குள் புகுந்து ஓட்டத்தை நிறுத்த வைத்தது, அதைப் பார்த்து உலகமே சிரித்தது. ஆனால் ஓட்டியவர்கள் டிராக்கைப் பாராட்டினார்கள், ஏற்ற இறக்கத்தோடு நல்ல வேகமான டிராக் என்றார்கள். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் எச்ஆர்டி டீம் காரில் அன்றைக்கு ஓடினார். 2011, 2012, 2013 என்று மூன்று வருஷமும் ஜெயித்தது செபாஸ்டியன் வெட்டல். மூன்றாவது தடவை அங்கேயே நான்காவது உலகப் பட்டத்தையும் வாங்கி, சந்தோஷத்தில் காரை வட்டமாகச் சுழற்றிப் புகை கிளப்பினார், அதற்கு அவர் டீமுக்கு 25,000 யூரோ அபராதம் போட்டார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வரி என்பார்கள். பொய் இல்லை, ஆனால் அது பாதிக் கதைதான். முதலில் அந்தப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

கிராண்ட் பிரி நடத்த ஃபார்முலா ஒன் நிறுவனம் நமக்குக் காசு தருவதில்லை, நாம்தான் அவர்களுக்குத் தர வேண்டும். 2011 ஓட்டத்துக்கு, டிராக்கைக் கட்டின ஜேபி குழுமம் எழுதிக் கொடுத்த தொகை 4 கோடி டாலர். சரி, திரும்ப என்ன வரும்? டிவி உரிமை அவர்களுக்கு. டிராக் ஓரத்து விளம்பரம், பணக்கார விருந்தினர்கள் உட்காருகிற இடத்தின் வருமானம் எல்லாம் பெரும்பாலும் அவர்களுக்கே. இடத்துக்காரருக்கு டிக்கெட் காசு. அந்த டிக்கெட் காசிலும் கேளிக்கை வரிவிலக்கு சரியா என்று ஒருவர் வழக்குப் போட, ஓட்டத்துக்குச் சில நாள் முன்னால் உச்ச நீதிமன்றம் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வை என்று சொல்லிவிட்டது. இது விளையாட்டா, கேளிக்கையா என்பதிலேயே மத்திய அரசுக்குச் சந்தேகம். சந்தேகம் இருக்கிற இடத்தில் கஸ்டம்ஸ் சலுகை எப்படிக் கிடைக்கும்? வாளையார் செக்போஸ்ட்டில் ஒரு காலத்தில் நாள்கணக்கில் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள், அந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. டீம்கள் கொண்டுவருவது விற்கிற சரக்கு இல்லை, மூன்று நாள் ஓட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற கார்கள், டயர்கள், கம்ப்யூட்டர்கள். ஆனாலும் காகிதம் காகிதம்தான்.

அப்புறம் வருமான வரி. வருஷத்துக்குச் சில நாள் மட்டும் வந்து போகிற ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கு இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இருப்பதாகச் சொல்ல முடியுமா என்று ஒரு வழக்கு நடந்தது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. அந்த நாட்களில் டிராக் முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது, உள்ளே யார் வரலாம் போகலாம் என்பதுவரை அவர்கள் கட்டுப்பாடு, ஆகவே அதில் வந்த வருமானத்துக்கு இங்கே வரி கட்டு என்று தீர்ப்பு. தீர்ப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நாம் கட்டுகிறோம், அவர்கள் ஏன் கட்டக் கூடாது? ஆனால் எங்கள் கட்டணத்தில் கை வைக்காத நாட்டுக்குத்தான் வருவோம் என்கிற வியாபாரத்துக்கு அது போதும், வேறு ஊரைப் பார்த்துக்கொள்வார்கள்.

மீதிப் பாதிக் கதை நிலத்தில் இருக்கிறது. ஜேபி குழுமம் சிமெண்ட், மின்சாரம், ரோடு, வீடு என்று எல்லாவற்றிலும் கை வைத்த நிறுவனம். நொய்டாவிலிருந்து ஆக்ராவுக்கு 165 கிலோமீட்டர் யமுனா எக்ஸ்பிரஸ்வேயைப் போட்டதும் அவர்கள்தான், 2012-ல் திறந்தார்கள். அந்த ரோட்டை ஒட்டி 1000 ஹெக்டேர் நிலத்தை விளையாட்டு நகரம் என்று அரசு அமைப்பு ஒதுக்கியது, அதற்கு நடுவில்தான் இந்த டிராக். சுற்றிலும் அடுக்குமாடி, வில்லா, மனை. உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து ஃபார்முலா ஒன் தெரியும் என்றால் மனை விலை ஏறாதா? நான் பார்க்கிறபடி டிராக் அங்கே விளம்பரப் பலகை. மனை விற்கிற வரைக்கும் பலகைக்கு லைட் போடலாம், விற்பனை படுத்தால் முதலில் அணைப்பது அந்த லைட்டைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. முதல் ஓட்டம் நடந்த அதே 2011-ல், மே மாதம், அதே வட்டாரத்தில் பட்டா, பர்சௌல் என்கிற இரட்டைக் கிராமங்களில் நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் கிளம்பி, கலவரமாகி, விவசாயிகளும் போலீஸ்காரர்களும் செத்துப்போனார்கள். பிறகு 2017-ல் ஜேபி குழுமத்தின் கிளை நிறுவனமான ஜேபி இன்ஃப்ராடெக் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, காசைக் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் 20,000 குடும்பத்துக்கு மேல். வீட்டுக்கடன் தவணையும் கட்டி, குடியிருக்கிற வீட்டுக்கு வாடகையும் கட்டினவர்கள். ரேஸ் போய்விட்டதே என்று நாம் படுகிற வருத்தம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். நிலுவை கட்டவில்லை என்று 2020 பிப்ரவரியில் யமுனா எக்ஸ்பிரஸ்வே ஆணையம் அந்த 1000 ஹெக்டேர் ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. 2024 ஜூனில் தாய் நிறுவனமான ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸும் திவால் நடவடிக்கைக்குள் போனது, கடன்காரர்கள் கேட்கிற தொகை 50,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ரத்து செல்லும் என்றது. அதே வருஷம் நவம்பரில், வேதாந்தாவும் போட்டியில் இருக்க, கடன் கொடுத்தவர்கள் குழு அதானி எண்டர்பிரைசஸ் கொடுத்த திட்டத்துக்கு வாக்களித்தது. சிமெண்ட் ஆலை, ஹோட்டல், நிலம் என்று போகிற பெரிய மூட்டையில் டிராக் ஒரு சின்னப் பொட்டலம்.

நடுவில் 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபி என்கிற உலக பைக் ரேஸ் அதே டிராக்குக்கு வந்தது, தம்பிகள் நினைவில் இருக்கும். விசா கைக்கு வராமல் சில ரைடர்களின் பயணமே தள்ளிப்போனது, வெயிலுக்குப் பயந்து சுற்றுகளைக் குறைத்தார்கள், மார்கோ பெஸெக்கி ஜெயித்தார். ஏழு வருஷ ஒப்பந்தம் என்று பேச்சு, 2024-ல் ஓட்டமே இல்லை.

இப்போது என் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பொள்ளாச்சிக்காரர்கள், வேலந்தாவளத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு தேர்த்திருவிழாவை நம்பி ஊரில் எவனாவது நிரந்தரக் கடை போடுவானா? பொள்ளாச்சி மாட்டுச் சந்தை வாரா வாரம் கூடுகிறது, அதை நம்பித்தான் லாரிக்காரர், தீவனக்காரர், டீக்கடைக்காரர் எல்லாரும் பிழைக்கிறார்கள். கிராண்ட் பிரி தேர்த்திருவிழா. டிராக் பிழைப்பதற்குச் சந்தை வேண்டும்.

ஏனென்றால் சும்மா கிடந்தாலும் டிராக் காசு தின்னும். ஓடாத தாரில் தூசி படியும், விளிம்பில் புல் முளைக்கும், தார் வெடிக்கும், தடம் மாறுகிற வண்டியை நிறுத்துகிற சரளைக் குழியை அவ்வப்போது கிளறிவிட வேண்டும், தடுப்பு டயர்கள் வெயிலில் இற்றுப்போகும். ஒரே ஒரு பைக் ஓடினாலும் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், டாக்டர் வேண்டும், கொடி காட்டுகிற மார்ஷல்கள் வேண்டும். உட்கார ஒரு லட்சம் பேருக்கு இடம் கட்டி வைத்தால் அதற்கு பெயிண்ட் அடிக்கிற செலவு மட்டும் எவ்வளவு என்று பாருங்கள்.

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒன்று. அதுவும் நம்மைப் போல எல்லைச் சீமைதான், பெல்ஜியம் பக்கத்து ஐஃபல் மலைப்பகுதி, அன்றைக்கு வறண்ட ஏழைப் பிரதேசம். 1925-ல் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஆரம்பித்து 1927-ல் திறந்தார்கள். வடக்குச் சுற்று மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். 1976-ல் ரேஸ் வீரர் நிக்கி லவுடா அங்கே தீயில் சிக்கின பிறகு அந்த நீளச் சுற்றில் ஃபார்முலா ஒன் ஓடவே இல்லை. ஐம்பது வருஷமாகப் போகிறது, சுற்று சாகவில்லையே! கார் கம்பெனிகள் வாடகை கொடுத்துப் புது மாடல்களைச் சோதிக்கிறார்கள். மற்ற நேரத்தில் பொதுமக்கள் சுங்கச்சாவடியில் கட்டணம் கட்டுகிற மாதிரி ஒரு சுற்றுக்குக் காசு கட்டி, தங்கள் சொந்தக் காரிலோ பைக்கிலோ உள்ளே போய் ஓட்டலாம்.

அந்த நூர்பர்க்ரிங்கும் ஒரு தடவை திவாலானது, ஆனால் எதனால் என்று பாருங்கள். மாநில அரசு இது போதாது என்று ரோலர் கோஸ்டர், கேளிக்கைப் பூங்கா, ஹோட்டல் என்று 2009 வாக்கில் கடனில் கட்டித் தள்ளியது. நிதி அமைச்சர் பதவி போய், வழக்காகி, தண்டனையும் வந்தது. 2012-ல் திவால். 2014-ல் 7.7 கோடி யூரோவுக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப் பேசி முடித்தார்கள், அப்புறம் அதுவும் கைமாறி ஒரு ரஷ்யப் பணக்காரரிடம் போனது. ஓடிக்கொண்டிருந்த டிராக்கைப் பக்கத்தில் கட்டின பொம்மைகள் கவிழ்த்தன. தென்கொரியாவில் யோங்கம் டிராக் இன்னும் மோசம், டிராக்கைச் சுற்றி ஒரு புது நகரமே வரும் என்றார்கள், 2010 முதல் 2013 வரை நாலு ஓட்டம் நடந்தது, நகரம் வரவில்லை. துருக்கியில் இஸ்தான்புல் பார்க்கை 2012-ல் கார் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

பெரியவர் ஒருவர் இங்கே முன்னால், "அந்த ஆயிரம் எக்டேருக்கும் தென்னை வச்சிருந்தாக் கூட இந்நேரம் காய்ச்சிருக்குமே" என்கிறார். வாஸ்தவந்தானுங்க. ஆனால் டிராக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, ஏனென்றால் நம் பக்கத்திலேயே பிழைத்துக் கிடக்கிற டிராக் இருக்கிறது.

செட்டிபாளையம் இங்கிருந்து தூரமா? கரி மோட்டார் ஸ்பீட்வே. சின்ன விமானங்கள் இறங்குகிற ஓடுதளமாக இருந்த இடம், ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர்தான். கரிவரதன் பெயரில் வைத்தது. மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைக் கார் கட்டி, நடுத்தர வீட்டுப் பிள்ளையும் ரேஸ் ஓட்டலாம் என்று வழி காட்டினவர் அவர். 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த டிராக்கில் ஃபார்முலா ஒன் ஓட முடியாது, யாரும் ஓடும் என்று சொல்லவும் இல்லை. தேசியச் சாம்பியன்ஷிப் ஓட்டங்கள், கோ-கார்ட், காலேஜ் பசங்கள் தாங்களே கட்டின கார்களைக் கொண்டுவந்து நடத்துகிற போட்டி, டயர், பைக் கம்பெனிகளின் நிகழ்ச்சி என்று அதன் சந்தை கூடிக்கொண்டிருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் அப்படித்தான். 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தக் காலத்தில் ஆந்திரா ரோட்டில் சோழவரத்துப் பழைய போர்க்கால ஓடுதளத்தில் ரேஸ் நடத்தினவர்கள், 1990 வாக்கில் இங்கே சொந்த டிராக் போட்டார்கள். 3.7 கிலோமீட்டர். ரேஸ் பைத்தியங்கள் ரேஸுக்காகப் போட்டது, பக்கத்தில் மனை விற்பதற்காக இல்லை. கார் தொழிற்சாலைகளும் அங்கேயே பக்கத்தில் இருக்கின்றன.

தெருவையே டிராக் ஆக்கினால் பராமரிப்புச் செலவு இல்லையே என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் அப்படித்தான் நடத்தினார்கள், கூட்டமும் வந்தது. ஆனால் தெரு ஓட்டம் அரசாங்கத்தை நம்பி இருக்கிறது. ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரியில் ஹுசேன் சாகர் ஓரம் ஃபார்முலா ஈ என்கிற மின்சாரக் கார் ரேஸ் நடந்தது, வருஷக் கடைசியில் ஆட்சி மாறியது, 2024 ஜனவரியில் அடுத்த ஓட்டம் ரத்து. ஒரு தேர்தலில் போய்விடுகிறது.

சரி, தலைப்புக் கேள்வி. ஃபார்முலா ஒன் வருமா? வரலாம். புது முதலாளிக்குக் காசு இருக்கிறது, நாட்டில் ரேஸ் பார்க்கிற கூட்டம் இருக்கிறது, அரசாங்கம் நினைத்தால் வரி, கஸ்டம்ஸ் விஷயத்தை எழுதித் தீர்க்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து டிராக் பிழைத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புத் சர்க்யூட்டை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: டெல்லிப் பசங்கள் பைக்கோடு வந்து கையில் இருக்கிற காசில் ஓட்டுகிற மாதிரி வாரத்தில் எத்தனை நாள் திறப்பீர்கள், கார் கம்பெனிகளுக்கு வருஷ வாடகை என்ன, மார்ஷல்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி உண்டா, சுற்றியிருக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு உள்ளே வேலை உண்டா. பதில் இருந்தால் கிராண்ட் பிரி இல்லாவிட்டாலும் அந்த டிராக் ஓடும்.

தம்பிகளே, உங்களில் ரேஸ் ஓட்ட ஆசை இருக்கிறவர்கள் பொள்ளாச்சி நாலுவழிச் சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் நிற்காதீர்கள், அந்த வண்டிகளில் சில நசுங்கி என் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வருகின்றன. போட்டியில் ஓட லைசென்ஸ் கொடுப்பது இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ, மருத்துவச் சான்று கேட்பார்கள், முறையான பயிற்சியும் வேண்டும். செட்டிபாளையத்தில் விசாரியுங்கள். செலவு என்ன ஆகும், பழைய பைக்கில் எதை எதை மாற்ற வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் கூட்டம் முடிந்ததும் வாசலில் நில்லுங்கள், சொல்கிறேன்.