எடுபிடி வேலை படிக்கட்டு இல்லை, முட்டுக்கட்டையே

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் நண்பர்களே, ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘தொழில் பழகும் காலத்தில் எடுபிடி வேலை படிக்கட்டா, முட்டுக்கட்டையா?’ இதுதான் தலைப்பு. படிக்கட்டுதான் என்று எதிரணியில் இரண்டு பேர் பேசிவிட்டார்கள். முதலில் பேசிய ஐயா சொந்தமாகப் பட்டறை நடத்துபவர். “நாங்கள் எல்லாம் டீ வாங்கிக் கொடுத்து, தரையைக் கூட்டித்தான் தொழில் கற்றோம். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை” என்றார். அடுத்து வந்த அம்மா, “ஜி.டி. நாயுடுவே ஓட்டலில் சர்வராக இருந்தவர்தானே?” என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். கோயம்புத்தூரில் அந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயருக்குத் தட்டாத கை உண்டா?

இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். நான் ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில், உலோகம் கடையப் பழகும் டர்னர் பிரிவுக்குப் பாடம் எடுப்பவன். அதற்கு முன்னால் கடைசல் பட்டறையில் லேத் என்ற கடைசல் இயந்திரத்தை ஓட்டியவன். அதனால் அழுக்கு வேலை கூடாது என்று நான் பேசப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

பட்டறையைக் கூட்டுவது தொழிலின் பகுதிதான். சொல்லப்போனால் லேத்துக்கு அடியில் கிடக்கும் குப்பையைப் போல ஒரு நல்ல பாடம் வேறு இல்லை. வார்ப்பிரும்பைக் கடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். மைல்டு ஸ்டீலைக் கடைந்தால் நீளமாகச் சுருண்டு வரும். அந்தச் சுருள் நீலம் பாய்ந்து கிடந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வேகம் கூடிப்போச்சா, டூலின் முனை மழுங்கிப்போச்சா, சூட்டைத் தணிக்கும் கூலன்ட் சரியாக விழவில்லையா என்று பார்க்க வேண்டும். சுருளைக் கையால் அள்ளக்கூடாது, பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும். கடையும் துண்டைப் பிடித்துச் சுழலும் சக்குக்குப் பக்கத்தில் கையுறையோடு போகக்கூடாது, துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் துடைப்பத்தைக் கொடுக்கும்போதே ஒரு ஃபோர்மேன் இரண்டு நிமிடம் நின்று சொல்லிக் கொடுத்தால், அந்தப் பையன் அன்றைக்குக் குப்பை அள்ளவில்லை, பாடம் படித்தான். அப்படிச் சொல்லிக் கொடுத்த ஒரு மேஸ்திரியின் கீழ் நான் வேலை பழகினேன். இன்றைக்கும் வகுப்பில் சுருளைக் கையில் எடுத்துக் காட்டும்போது அவர் குரல்தான் என் வாயில் வருகிறது.

சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். சிலை வார்க்கப் பழக வருபவனுக்கு ஆரம்பத்தில் மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சும் வேலை, காவிரி வண்டல் மண்ணைக் குழைக்கும் வேலை இருக்கும். பார்ப்பதற்கு அது கூலி வேலை மாதிரி தெரியும். ஆனால் மெழுகின் பதம் தெரியாதவனுக்குச் சிலையின் விரல் வராது. மண்ணின் பதம் தெரியாதவனின் அச்சு வெடித்துவிடும். அங்கே குழைப்பதே தொழில்தான். அதை நாங்கள் எடுபிடி என்று சொல்லவில்லை.

அப்புறம் எதைச் சொல்கிறோம்? ஓனர் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் தூக்கிப் போவதை. ஓனர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவதை. மேனேஜரின் வண்டியைச் சர்வீஸுக்கு விடுவதை, கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பதை, பார்சல் ஆபீஸில் பெட்டி ஏற்றுவதை, காலையிலும் மாலையிலும் டீத் தூக்கோடு நடப்பதை. இதில் டர்னருக்கு என்ன பாடம் இருக்கிறது? ஃபிட்டருக்கு என்ன பாடம் இருக்கிறது? ஒரே ஒரு பாடத்தை எதிரணி காட்டட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

என்னிடம் படித்துவிட்டு அப்ரண்டீஸாகப் போகும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டில் தினமும் என்ன வேலை செய்தாய் என்று எழுதச் சொல்வேன். ஒருவன் கொண்டுவந்து காட்டினான். பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். ஃபேசிங், டேப்பர் டர்னிங், திரெட் என்று இரண்டு வருடம் வகுப்பில் அருமையாகக் கடைந்த பையன். நோட்டைத் திறந்தால் ‘லோடு இறக்கினேன்’, ‘டீ’, ‘பேங்க்’, ‘லோடு இறக்கினேன்’, ‘ஸ்டோர் ரூம் ஒதுக்கினேன்’. பக்கம் பக்கமாக இதுதான். லேத் என்ற சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. “சார், மைக்ரோமீட்டரைப் பிடித்தே ரொம்ப நாள் ஆச்சு. கை மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு” என்றான். நடுவர் அவர்களே, மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துப் பார்க்கும் கருவி. அதைத் திருகும்போது எந்த அழுத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். விரலுக்குத் தெரிந்தது பழக்கம் விட்டுப்போனால் விரலை விட்டுப் போய்விடும். அவன் பயந்தது சோம்பலால் இல்லை. தன் கையில் இருக்கும் தொழில் கரைந்துபோவது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எதிரணி ஐயா இதைப் பொறுமை இல்லாமை என்கிறார். நான் சட்டத்தைக் கேட்கிறேன். தொழிற்பழகுநர் சட்டம், அதாவது அப்ரண்டீஸ் சட்டம் என்று 1961-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 18-வது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது என்கிறது. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்றவற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிற ஒருவனுக்கு இருக்கும் சம்பள உரிமை, மற்ற உரிமை பெரும்பாலானவற்றையும் அந்தப் பையன் விட்டுக்கொடுக்கிறான். எதற்காக விட்டுக்கொடுக்கிறான்? தொழில் கற்றுத் தருவீர்கள் என்பதற்காக. அந்த ஒன்றையும் தராமல் சிலிண்டர் தூக்கச் சொன்னால், அவனுக்குத் தொழிலாளியின் உரிமையும் இல்லை, மாணவனின் பாடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவனை அந்தரத்தில் நிற்க வைக்கிறீர்கள்.

அதே சட்டத்தின் 30-வது பிரிவு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. பயிற்சியோடு தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்துவது குற்றம். முன்பு அதற்குச் சிறைத் தண்டனைக்கும் இடம் இருந்தது. 2014-ல் திருத்தி, அபராதம் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தண்டனை குறைந்தது, குற்றம் என்பது மாறவில்லை. ஆக, எதிரணி படிக்கட்டு என்று சொல்லும் ஒன்றைச் சட்டம் குற்றம் என்கிறது. ஜெர்மனியிலும், 1969-ல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம் பயிற்சிக்கு உதவும் வேலையைத்தான் கொடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. தொழில் வளர்ந்த நாடு அது. அங்கே யாரும் டீ வாங்கப் போய்த் தொழில் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றியும் எதிரணி பேசியது. “உதவித்தொகை கொடுக்கிறோமே” என்றார்கள். 2019-ல் திருத்திய விதிகள் படிப்புக்கு ஏற்றபடி மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்தன. 2016-ல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே ஏற்றுக்கொண்டது. அது நம் வரிப்பணம். இங்கே தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மாற்றினார்கள். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம், ரோபோ என்று பிள்ளைகள் தொட்டுப் பழகும்படி வந்தன. அப்படிப் பழகி வெளியே வருகிறவன் கையில் டீத் தூக்கைக் கொடுத்தால், ஏமாறுவது அந்தப் பையன் மட்டும்தானா?

சரி, நாயுடுவுக்கு வருவோம். அவர் ஓட்டலில் சர்வராக இருந்தது உண்மைதான். ஆனால் யாரும் அவரிடம் “இலை எடு, இதுதான் மோட்டார் பயிற்சி” என்று சொல்லவில்லை. அவர் சம்பளத்துக்கு வேலை செய்தார். அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு வெள்ளைக்காரரிடம் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டினார். அங்கேதான் அவர் தொழில் கற்றார். கழற்றிப் பூட்டியதில் கற்றார், பரிமாறியதில் கற்கவில்லை. இன்னொன்றையும் எதிரணி அம்மா நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னாளில் அவர் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரியை உருவாக்கி முதல்வராகவும் இருந்தபோது, நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அரசு கேட்கவில்லை, பதவியை விட்டு விலகினார். படிப்பிலேயே ஒரு நாள் வீணாகக்கூடாது என்று பதவியைத் துறந்த மனிதரின் பெயரைச் சொல்லியா, ஒரு இளைஞனின் வருடத்தை வீணாக்குவதை நியாயப்படுத்துவது?

“நாங்கள் அப்படித்தான் வந்தோம்” என்ற ஐயாவுக்கு மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். உங்களோடு அன்றைக்கு டீ வாங்கப் போன மற்றவர்கள் எங்கே? நீங்கள் ஜெயித்ததால் இந்த மேடையில் இருக்கிறீர்கள். பாதியில் மனசு விட்டுப் போனவர்கள் மேடைக்கு வரமாட்டார்கள். இன்றைக்கு அவர்களில் பலர் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கையில் டர்னர் சான்றிதழ் இருக்கும். ஆள் கிடைக்கவில்லை என்று நம் பட்டறை வாசலில் போர்டும் தொங்கும். நீங்கள் வந்தது டீத் தூக்கால் இல்லை ஐயா. யாரோ ஒருவர் ஒருநாள் உங்கள் கையில் டூலைக் கொடுத்ததால் வந்தீர்கள்.

புதுசாக வந்தவனிடம் லேத்தைக் கொடுத்தால் ஜாப், அதாவது கடையும் பொருள், கெட்டுப்போகும் என்பது நியாயமான பயம். மெட்டீரியல் விலை எனக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பட்டறையிலும் மூலையில் துண்டுக் கம்பி கிடக்கிறதே, அதில் கடையச் சொல்லலாம். முடிந்த ஜாப்பை வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து எழுதச் சொல்லலாம். பிசிர் எடுக்கச் சொல்லலாம். டிராயிங்கைக் கொடுத்து எந்த அளவு முக்கியம் என்று கேட்கலாம். இதில் எதிலும் ஒரு ஜாப்கூடக் கெடாது.

நேரம் ஆகிறது என்று நடுவர் பார்க்கிறார். ஆனால் சித்தாளைப் பற்றிப் பேசாமல் நான் இறங்கமாட்டேன். எடுபிடி வேலை உண்மையிலேயே படிக்கட்டு என்றால், இந்த நாட்டில் முதலில் மேலே ஏறியிருக்க வேண்டியவர்கள் கட்டட வேலைக்குப் போகும் நம் அக்காமார்கள். சரவணம்பட்டியில் எழும்பும் எந்தக் கட்டடத்தை வேண்டுமானாலும் பாருங்கள். கலவை குழைப்பது அவர்கள், பாண்டில் அள்ளித் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறுவது அவர்கள், செங்கலை எடுத்துக் கொடுப்பது அவர்கள். இருபது வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். கலவையில் சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கொத்தனாருக்குச் சமமாக அவருக்கும் தெரியும். ஆனால் கரண்டியை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை, தூக்குக்குண்டைப் பிடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. அவர் படாத பாடா? அவரிடம் இல்லாத பொறுமையா, பணிவா? இவ்வளவு வருடம் சுமந்தும் அவர் கொத்தனார் ஆகவில்லை என்றால், சுமப்பதால் யாரும் மேலே ஏறுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பையன்களையாவது ஒருநாள் யாரோ கைபிடித்து ஏற்றிவிட்டார்கள். இவர்களை ஏற்றிவிட இன்னும் ஆள் வரவில்லை.

பழகுநரை எடுக்கும் ஒவ்வொரு பட்டறையும், எந்த மாதத்தில் எந்த இயந்திரம், யார் சொல்லிக் கொடுப்பார் என்று எழுதிச் சுவரில் ஒட்டட்டும். மாதக் கடைசியில் பையனின் நோட்டையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். டீக்கும் பார்சலுக்கும் ஆள் வேண்டும் என்றால் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள். அதுவும் ஒருவர் குடும்பத்தைக் காப்பாற்றும் கௌரவமான வேலைதான். நடுவர் அவர்களே, இன்றைக்கு இந்த அரங்கத்தில் நிறைய முதலாளிகள் இருக்கிறார்கள். நீங்கள் தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். சொல்வதற்கு முன்னால் அந்த 30-வது பிரிவை அவர்கள் காதில் விழும்படி ஒருமுறை வாசித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.