1,505-ஆவது பெயர்: குற்றவாளி புரொஃபைலிங்கால் என்ன முடியும், என்ன முடியாது

[திரை: நீளமான பெயர்ப் பட்டியல் மெல்ல மேலே நகர்கிறது]

1986-ஆம் ஆண்டு. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் ரயில் நிலையங்களை ஒட்டியே தொடர்ந்து பாலியல் தாக்குதல்கள், பிறகு கொலைகள். போலீஸிடம் ஏறத்தாழ 2,000 பேர் அடங்கிய சந்தேகப் பட்டியல் இருந்தது. ஜான் டஃபி என்ற பெயரும் அதற்குள்ளேயே கிடந்தது, 1,505-ஆவதாக.

உளவியலாளர் டேவிட் கேன்டர் சம்பவங்களைத் தேதி வாரியாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். ஆரம்பத்தில் நடந்தவை சின்ன வட்டாரத்துக்குள் அடங்கின, போகப்போகத்தான் அகன்றன. புதிதாகத் தொடங்குகிறவன் தனக்குப் பழகிய தெருக்களில்தான் தொடங்குவான் என்பது அவர் கணக்கு. லண்டனின் கில்பர்ன் பக்கம் வசிப்பவன், திருமணமானவன், குழந்தை இல்லை, ரயில் பாதைகள் அத்துப்படி என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சல்லடையில் சலித்ததும் டஃபி மேலே வந்தான். ரயில்வேயில் தச்சு வேலை பார்த்தவன் அவன். ஆனால் 1988-ல் அவனுக்குத் தண்டனை வாங்கித் தந்தவை வேறு: பெற்றோர் வீட்டில் கிடைத்த கயிறு, உடையில் ஒட்டிய நூலிழைகள், சாட்சிகள்.

தடயங்களை வைத்துக் குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று எழுதும் இந்த வர்ணனைதான் புரொஃபைல். அது இங்கே செய்த வேலை, பட்டியலை வேறு வரிசையில் அடுக்கியது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் பாருங்கள்.

[திரை: 1888, லண்டன் வரைபடம்]

இந்த முயற்சி பழையது. 1888 நவம்பரில், ‘ஜாக் தி ரிப்பர்’ வழக்கு எனப்படும் ஐந்து ஒயிட்சாப்பல் கொலைகளை ஆராய்ந்த போலீஸ் மருத்துவர் தாமஸ் பாண்ட், ஐந்தும் ஒரே கையின் வேலை என்று அறிக்கை தந்தார். ஆள் உடல்பலம் மிக்கவன், பார்வைக்குச் சாது, நடுத்தர வயது, கண்ணியமாக உடுத்துபவன் என்றார். வெட்டுகளில் உடற்கூறு அறிவே தெரியவில்லை, கசாப்புக் கடைக்காரனின் கைப்பழக்கம்கூட இல்லை என்றும் எழுதினார். கவனியுங்கள்: கடைசியாகச் சொன்னது காயத்திலிருந்து வந்தது, உடை பற்றிச் சொன்னது ஊகம். இரண்டும் ஒரே தாளில், ஒரே குரலில். இந்தக் கலப்படம் இந்தத் துறையை இன்றுவரை விடவில்லை.

அடுத்தது நியூயார்க். 1940 முதல் 1956 வரை ஒருவன் 33 வெடிகுண்டுகள் வைத்தான், 22 வெடித்தன. மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸல், பிடிபடும்போது அவன் இரட்டை மார்பு கோட்டைப் பொத்தான் மாட்டி அணிந்திருப்பான் என்றார். 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெடெஸ்கி அப்படித்தான் போனான் என்று எல்லோரும் சொல்வார்கள். போலீஸ் கதவைத் தட்டியபோது அவன் பைஜாமாவில் இருந்தான் என்பதையும், துப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல மறந்துவிடுவார்கள். கான் எடிசன் மின் நிறுவனத்தின் அலுவலர் ஆலிஸ் கெல்லி, பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டும்போது, மிரட்டல் கடிதங்களின் சொற்றொடர்கள் முன்னாள் ஊழியரான மெடெஸ்கியின் கோப்பில் இருப்பதைப் பிடித்தார்.

[திரை: குவான்டிகோ, 1972]

1972-ல் எஃப்.பி.ஐ. நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அதன் அதிகாரிகள் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறையில் இருந்த 36 கொலையாளிகளிடம் பேசினார்கள். அதில்தான் ‘ஒழுங்கானவன்’, ‘ஒழுங்கற்றவன்’ என்ற புகழ்பெற்ற பிரிவினை ஊன்றிக்கொண்டது. திட்டமிட்டு, ஆயுதம் கொண்டுவந்து, தடயம் அழிப்பவன் ஒரு வகை. கையில் கிடைத்ததை எடுத்துத் தாக்கி, உடலை அப்படியே போட்டுவிட்டு ஓடுபவன் இன்னொரு வகை. கேட்கத் தெளிவாக இருக்கிறது. சிக்கல் அடித்தளத்தில்: 36 பேரும் பேசச் சம்மதித்தவர்கள், பிடிபட்டவர்கள்; ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே கிடையாது.

2004-ல் கேன்டரும் கூட்டாளிகளும் 100 தொடர் கொலையாளிகளின் கொலைகளில் 39 நடத்தைக் கூறுகளை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு கொத்தாகப் பிரியவே இல்லை. ‘ஒழுங்கு’ எனப்பட்ட பல கூறுகள் பெரும்பாலோரிடமும் இருந்தன. ஒழுங்கின்மைதான் ஆளுக்கு ஆள் மாறியது.

இப்போது வேலை நடக்கும் விதம். முதலில் சம்பவ இடப் புகைப்படங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பாதிக்கப்பட்டவரின் கடைசி 24 மணி நேரம், அந்த இடத்தின் போக்குவரத்து. சந்தேக நபர்களின் விவரம் மட்டும் ஆய்வாளரின் மேசைக்கு வரக்கூடாது. ஒரு முகம் தெரிந்துவிட்டால் வர்ணனை தானாகவே அந்த முகத்தை நோக்கிச் சாயும். அதன்பின் சம்பவத்தை நிமிடம் நிமிடமாக மறுகட்டமைப்பு செய்து, ஒவ்வொரு முடிவையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். குற்றத்தை நிறைவேற்றத் தேவையானவை செய்முறை: கையுறை, முகமூடி, தப்பும் வழி. தேவையே இல்லாமல் செய்தவை முத்திரை. செய்முறை அனுபவத்தால் மாறும். முத்திரை மெதுவாக மாறும் என்பது நம்பிக்கை. ஆனால் பாதியில் யாராவது வந்துவிட்டால் முத்திரை விடுபட்டுப்போகும். அதை மட்டும் நம்பிச் சம்பவங்களைக் கோத்தால் தவறும்.

[திரை: கட்டம் போட்ட வரைபடம், நிறங்கள் ஏறுகின்றன]

கொஞ்சம் உறுதியான பகுதி புவியியல் முறை. வான்கூவர் போலீஸ்காரரான கிம் ராஸ்மோ 1995-ல் இதை முனைவர் ஆய்வாக முடித்தார். சம்பவ இடங்களைச் சுற்றி ஒரு செவ்வகம், அதைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரிப்பு. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒவ்வொரு சம்பவத்துக்கும், தெருக்களில் நடப்பதுபோல் குறுக்கும் நெடுக்குமாக தூரம் அளக்க வேண்டும். தூரம் கூடக்கூட மதிப்பெண் குறையும். ரொம்ப அருகில் வந்தாலும் குறையும். வீட்டு வாசலில் யாரும் அகப்பட்டுக்கொள்ள விரும்புவதில்லை. எல்லாச் சம்பவங்களின் மதிப்பெண்ணையும் கூட்டினால், அதிகம் பெற்ற கட்டங்களிலிருந்து தேடலைத் தொடங்கலாம். குறைந்தது 5 சம்பவங்கள் வேண்டும்.

கவிழ்வது எங்கே? வெளியூரிலிருந்து வந்து குற்றம் செய்துவிட்டுப் போகிறவனிடம். வேறொருவன் செய்ததையும் அதே தொடரில் சேர்த்துவிட்டால். அவன் நடுவில் வீடு மாறியிருந்தால். இலக்குகள் ஒரே தெருவில் மட்டும் கிடைத்தால், அந்த வரைபடம் இலக்குகளைத்தான் காட்டும். ஒரு கூடுதல் செய்தி: 2002-ல் நடந்த ஒரு சோதனையில், இரண்டு எளிய விதிகள் கற்றுக்கொடுத்த மாணவர்களும் மென்பொருளுக்கு இணையாக வீட்டை ஊகித்தார்கள். விலை உயர்ந்த கருவி வாங்குமுன் யோசிக்கலாம்.

ஆளின் குணத்தைச் சொல்லும் பகுதி இதைவிடப் பலவீனமானது. ஒரே மாதிரிக் குற்றம் செய்தவர்கள் ஒரே மாதிரி ஆட்களா? 2002-ல் மோக்ரோஸ், அலிசன் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டனில் தண்டனை பெற்ற 100 பாலியல் குற்றவாளிகளை எடுத்து வயது, பின்னணி, பழைய வழக்குகள் எல்லாம் ஒப்பிட்டார்கள். தொடர்பு கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் போலீஸுக்கு ஏன் பிடிக்கிறது? பிரிட்டனில் 184 வழக்குகளைப் பற்றி 1995-ல் வெளியான ஆய்வில், 82.6 சதவீதத்தில் ஆலோசனை பயன்பட்டது என்றார்கள் அதிகாரிகள். குற்றவாளி அடையாளம் காணப்பட்டது 2.7 சதவீதத்தில். இன்னொரு சோதனையில் ஒரே புரொஃபைலை இரண்டு குழுவிடம் கொடுத்து, ஒரு குழுவுக்கு உண்மைக் குற்றவாளியையும், இன்னொன்றுக்கு முற்றிலும் மாறுபட்ட கற்பனை ஆளையும் காட்டினார்கள். இரு குழுவும் ‘நன்றாகப் பொருந்துகிறது’ என்றன. கைரேகை ஜோசியம் பலிப்பதும் இப்படித்தான். ‘பெண்களிடம் பழகுவதில் சிக்கல் உள்ளவன்’ என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

[திரை: ஒரு தாள், ஐந்து வரிகள்]

அதனால் ஒவ்வொரு கூற்றும் ஐந்து பகுதியோடு வர வேண்டும்: கூற்று, அதற்கு ஆதாரமான தடயம், தடயத்திலிருந்து கூற்றுக்குப் போக வைத்த ஆய்வு, எவ்வளவு உறுதி, எப்போது இது தவறாகும். ‘20 முதல் 30 வயது’ என்று மட்டும் எழுதினால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பலாம். வயது ஒரு நிகழ்தகவு. 45 வயது ஆளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட அதில் அனுமதி இல்லை. 2002-ல் வாஷிங்டன் பகுதித் துப்பாக்கிச் சூட்டில் தொலைக்காட்சி நிபுணர்கள் தனியாளான வெள்ளையனைத் தேடச் சொன்னார்கள். பிடிபட்டவர்கள் இரண்டு கருப்பினத்தவர்.

[திரை: விம்பிள்டன் காமன், 1992]

வர்ணனையை ஆதாரமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வழக்கு. 1992 ஜூலையில் லண்டனின் விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். உளவியலாளர் பால் பிரிட்டன் ஒரு புரொஃபைல் எழுதினார். கோலின் ஸ்டாக் என்பவர் அதற்குப் பொருந்துவதாகப் போலீஸ் முடிவு செய்தது. பிரிட்டனின் ஆலோசனையோடு ஒரு பெண் அதிகாரி காதலி போல நடித்துப் பல மாதம் கடிதம் எழுதி, அவரிடமிருந்து வன்முறைக் கற்பனைகளைக் கறந்தார். ஒப்புதல் வாக்குமூலம் வரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் ஸ்டாக் சிறையில் இருந்தார். 1994-ல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை முழுவதுமாகத் தள்ளிவிட்டார். 2008-ல் அவருக்கு 7,06,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

அதே 2008-ல், மேம்பட்ட டி.என்.ஏ. சோதனையின் பலனாக ராபர்ட் நாப்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டான். போலீஸ் ஸ்டாக்கையே பிடித்துக்கொண்டிருந்த 1993 நவம்பரில், நாப்பர் இன்னொரு தாயையும் அவருடைய சின்ன மகளையும் கொன்றிருந்தான்.