கைமாற்றாக வந்த செயற்கைக்கோள்

நேயர்களுக்கு வணக்கம்.

1999 நவம்பரில் ஜப்பானின் தானெகாஷிமா தீவிலிருந்து கிளம்பிய எச்-2 ராக்கெட் வழியிலேயே பழுதாகி, அழிக்கப்பட்டது. ஜப்பானின் அடுத்த வானிலைச் செயற்கைக்கோள் அதில்தான் இருந்தது. மேலே வேலை செய்துகொண்டிருந்த ஜி.எம்.எஸ்.-5 என்ற பழைய வானிலைச் செயற்கைக்கோள் 1995-இல் ஏவப்பட்டது. ஐந்து ஆண்டு உழைக்கட்டும் என்று செய்தது. அதற்கு ஆயுள் முடிகிற நேரத்தில், மாற்றாக வரவேண்டியதும் போய்விட்டது.

உலகில் வேறெந்தக் கடலையும்விட மேற்குப் பசிபிக்கில்தான் புயல்கள் அதிகம். ஜப்பான் மட்டுமல்ல, பிலிப்பைன்ஸ், வியட்நாம் போன்ற நாடுகளும் புயல் வருகிற திசையைப் பெரும்பாலும் அந்தச் செயற்கைக்கோளின் படங்களில்தான் பார்த்துவந்தன. பழையதை வைத்து எப்படியோ 2003 வரை ஓட்டினார்கள். எரிபொருள் தீரப்போகிறது.

அப்போது அமெரிக்கா தன்னுடைய கோஸ்-9 செயற்கைக்கோளைக் கைமாற்றாகக் கொடுத்தது. நிலைநிறுத்தும் சக்கரங்களில் கோளாறு ஏற்பட்டதால் 1998 முதல் ஓய்வில் வைத்திருந்த செயற்கைக்கோள் அது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்துக்கு மேல் நிற்பதை எப்படி நகர்த்துவார்கள்? சுற்றுப்பாதையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மெல்ல மேற்கே ஒதுங்கும். வேண்டிய இடம் வந்ததும் பழைய உயரத்துக்கு இறக்கினால் அங்கேயே நின்றுவிடும். அப்படி அது கிழக்குத் தீர்க்கரேகை 155 பாகைக்குப் போய்ச் சேர்ந்தது. அலாஸ்காவில் படங்களை இறக்கி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். 2003 மே முதல் 2005-இல் ஜப்பானின் புதிய செயற்கைக்கோள் பொறுப்பேற்கும்வரை, இரண்டு புயல் பருவங்களை அந்தப் பழைய கண்தான் பார்த்துக்கொண்டது.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம், அமெரிக்காவும் ஒருகாலத்தில் இப்படி வாங்கியிருக்கிறது. 1989-இல் கோஸ்-6 செயலிழந்தது. மிஞ்சியது கோஸ்-7 ஒன்றுதான். ஐரோப்பா தன் மீட்டியோசாட்-3-ஐ 1991-இல் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதிக்கு நகர்த்தி உதவியது. 1993-இல் இன்னும் மேற்கே தள்ளி, அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு நேரான தீர்க்கரேகைக்கே கொண்டுபோனார்கள்.

இதெல்லாம் திடீர்ப் பெருந்தன்மை அல்ல. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றும் 1972-லேயே வாஷிங்டனில் கூடிப் பேசத் தொடங்கிவிட்டன. யார் எந்தக் கடலுக்கு மேல் நிற்பது, படங்களை எந்த வடிவில் அனுப்புவது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால்தான், ஆபத்து வந்தபோது கை நீட்ட முடிந்தது.

சரி, நம் கடலுக்கு வருவோம். 1998-இல் ஐரோப்பா மீட்டியோசாட்-5-ஐ இந்தியப் பெருங்கடலுக்கு மேல், 63 பாகைக்கு நகர்த்தியது. காற்றில் மிதக்கும் புகை, தூசுப் படலத்தை ஆராயும் பன்னாட்டுத் திட்டத்துக்காக வந்தது அது. ஆய்வு முடிந்தது, செயற்கைக்கோளைத் திருப்பி அழைக்கவில்லை. அதற்குப் பின் மீட்டியோசாட்-7, 8 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2022-இல் மீட்டியோசாட்-9 பொறுப்பேற்றது. நம் இன்சாட் வரிசை இந்தியாவுக்கு நேரான தீர்க்கரேகைகளிலிருந்து பார்க்க, அது மேற்கேயிருந்து சாய்வாகப் பார்க்கிறது. ஒரே புயலுக்கு இரண்டு கோணம் கிடைக்கிறது.